பிறைக் கணக்கு

அத்தியாயம் பதினொன்று

இத்தா முடிந்துவிட்டது என்பதை ஹப்சா யாரிடமும் சொல்லவில்லை.

முந்தாநாள் வியாழக்கிழமை மக்ரிப் பாங்கு சொல்லும்போது அவள் உளூச் செய்துகொண்டிருந்தாள். குழாயை நிறுத்திவிட்டு, பாங்கு முடியும்வரை ஈரக் கையோடு அப்படியே நின்றாள். புருஷன் போன பெண்ணுக்கு மார்க்கம் விதித்த நான்கு மாதமும் பத்து நாளும் அந்தப் பாங்கோடு கழிந்தன. மனசுக்குள் ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டு டிவியில் சலவைத்தூள் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. தொழுதாள். அரிசி களைந்தாள்.

கூடத்துச் சுவரில் தொங்கிய காலண்டரில் வரும் திங்கட்கிழமையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தது. அது மகன் இஸ்வான் போட்டது. அபா என்று பிள்ளைகள் அழைத்த அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கே, ஒருவரும் கேட்காமல், அழுது வீங்கிய கண்ணோடு உட்கார்ந்து எண்ணிப் போட்டான். ஆங்கில மாதத்தை எண்ணியிருந்தான். பிறையை எண்ண வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. பிறை மாதம் குட்டை. நாலு மாதம் சேர்ந்தால் சில நாள் முன்னாலேயே வந்து நின்றுவிடும்.

ஹப்சா அன்றே கவனித்தாள். பிள்ளை நொந்துபோயிருக்கிறான், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். நாளாக ஆக, சொல்லாமலே இருந்தால் என்ன என்று ஆயிற்று.

காரணம் சுஹைலா. ஜொகூரில் கணவன் ருஸ்டியோடு இருந்த மூத்த மகள், "இத்தா முடியுற வரைக்கும் நான் மாவோட இருக்கேன்" என்று பெட்டியோடு வந்து இறங்கியவள். கம்பெனிக் கணக்கு வேலையை இங்கிருந்தபடியே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டாள். மீன் வாங்கினாள், கரண்ட் பில் கட்டினாள், இரவில் அம்மாவின் கட்டிலில் அபா படுத்த பக்கத்தில் படுத்தாள். செவ்வாய்க்கிழமை, நபிகள் விண்ணேறிய மிஃராஜ் நாள் விடுமுறை. அன்றைக்கு ருஸ்டி காரோடு வந்து அழைத்துப்போவான் என்று பேச்சு. இஸ்வானுக்குப் பினாங்கில் தொழிற்சாலை வேலை. மாதம் ஒருமுறை வந்தால் பெரிது.

அதற்குப் பிறகு இந்த வீடும் ஹப்சாவும்தான்.

நாலைந்து நாள். திருட்டு என்றே வைத்துக்கொண்டாலும் எவ்வளவு சின்னத் திருட்டு! அவள் தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

"மா! இங்க வந்து பாருங்க! கூடாரத்துலேருந்து மணல் கொட்டுது, போன வருஷத்து மணலு!" போர்டிகோவிலிருந்து இஸ்வான் கத்தினான்.

"வெளிய வர முடியாதுன்னு தெரியாதாடா உனக்கு?" சுஹைலா அவனை அடக்கினாள். "நிலைக்கிட்ட நின்னு பாருங்க மா. போதும்."

ஹப்சா கையைத் துடைத்துக்கொண்டு வாசல் நிலையருகே வந்து நின்றாள். நான்கு மாதமாக இந்த மரச் சட்டத்துக்கு இந்தப் பக்கம்தான் அவள் உலகம். வாசனை கிடையாது, வளையல் கிடையாது, பூப்போட்ட துணி கிடையாது. வந்தவர்கள் எல்லாரும் "எப்படித்தான் அடைஞ்சு கிடக்கீங்களோ" என்று பரிதாபப்பட்டார்கள். அடைந்து கிடப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது என்பதை யாரிடம் சொல்வது? வெளியே போனால்தானே அவர் இல்லாத தெருவும் அவர் இல்லாத சந்தையும் இருக்கும்!

பச்சைக் கூடாரம் பாதி எழும்பி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. நாளைக்குக் காலையில் அக்காவும் தம்பியும் ஜெலெபு மலையடிவாரத்தில் பாக் டின்னின் ஆற்றங்கரை முகாமுக்குப் போகிறார்கள். முகாம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு கழிப்பறை, ஒரு குழாய், தொழுவதற்கு ஒரு தகரக் கொட்டகை, மிச்சம் எல்லாம் ஆறு. ஒவ்வொரு வருஷமும் அங்கிருந்து கிளம்பும்போது அபா காரில் ஏறிக்கொண்டே, "அடுத்த வருஷமும் அதே மெர்பாவ் மரத்தடி எனக்கு, டின்!" என்று சொல்லிவிட்டு வருவார். அதுதான் முன்பதிவு. போன வாரம் பாக் டின் அபாவின் எண்ணுக்கே போன் செய்து, "சுக்கோர், வர்றியா இல்லியா?" என்று கேட்டார். அவருக்கு விஷயம் தெரிந்திருக்கவில்லை. போனை எடுத்த சுஹைலா சொல்ல வேண்டியதாயிற்று. அதைக் கேட்ட இஸ்வான், "அபா சொல்லி வச்ச இடம். நாம போவோம்" என்றான். கிடைத்த லீவு நாளையும் திங்களும்தான். அம்மாவுக்கு இத்தா. போகட்டும், அம்மா அடுத்த வருஷம் வரட்டும் என்று முடிவாயிற்று.

"இந்தக் கம்பி அந்த ஓட்டைக்குள்ள போகணும்," என்றான் இஸ்வான்.

"போகணும்னா நீயே விடு. ஃபாக்டரியில மெஷினையே கழட்டி மாட்டுறேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறல்ல?"

"மெஷினுக்கு மேனேஜர் உண்டு, பக்கத்துல நின்னு திட்டுவாரு. இங்க யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்டா எருமை. பிடி அந்தப் பக்கம்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த கையோடு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள், ஏதோ தப்புச் செய்துவிட்டது போல. ஹப்சா அவசரமாகப் புன்னகை செய்தாள். தன் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பை விழுங்குகிறார்கள் என்பது அவளுக்கு வலித்தது.

"கோழிக்கு மசாலா தடவி வைக்கிறேன். ஐஸ் பெட்டியில அடியில வையுங்க," என்றாள்.

"சார்டின் டின் போதும் மா. ஒரு ராத்திரிதானே," என்றாள் சுஹைலா.

"ஆத்தங்கரையில சார்டின் தின்னா அபா எந்திரிச்சு வந்து திட்டுவாரு," என்றான் இஸ்வான். சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கு உறைத்தது. குனிந்து முளைக்குச்சிகளை எண்ண ஆரம்பித்தான்.

அப்போது கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தாள் கல்சோம். அபாவின் அக்கா. வயது அறுபது தாண்டியும் முட்டாக்குக்கு மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறவள். நாளைக்கு ஹப்சாவுக்குத் துணைக்குப் படுக்க அவளைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டாள்.

"என்னடா இது, கூடாரமா? மழையில நனைஞ்ச கோழி மாதிரி சாஞ்சு நிக்குது!"

"வாங்க அத்தை. வந்த உடனேயே ஆசீர்வாதமா?"

"உங்கப்பன் கண்ணை மூடிக்கிட்டு நிமிஷத்துல கட்டுவான். நீ கண்ணைத் தொறந்துகிட்டே இந்த லட்சணம்." கையிலிருந்த போத்தலை சுஹைலாவிடம் நீட்டினாள். "டெம்போயாக். ஆத்து மீன் கிடைச்சா போட்டுக் குழம்பு வைங்க. காருக்குள்ள மூடியைத் தொறந்துடாதீங்க. புளிச்ச டுரியான் வாடை ஒரு மாசம் போகாது."

ஹப்சாவோடு அடுக்களைக்குள் வந்ததும் கல்சோம் ஹெல்மெட்டை அரிசிப் பானை மேல் வைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கேட்காமலே ஊசி மிளகாயை எடுத்துக் காம்பு கிள்ளத் தொடங்கினாள். ஹப்சா தேங்காய்ப்பாலில் மஞ்சளைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"மசூதியில செவ்வாய்க்கிழமை மிஃராஜ் பயான். பொம்பளைங்களுக்கு மேல் மாடியாம். உன்னைய கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அதுக்குள்ள உனக்கு முடிஞ்சிருமில்ல?"

"முடிஞ்சிரும்க்கா."

"எப்ப?"

"திங்கக்கிழமை. இஸ்வான் எண்ணி வச்சிருக்கான்."

கல்சோம் மிளகாயைக் கிள்ளுவதை நிறுத்தினாள். "இரு. என் தம்பி மீலாது அன்னிக்குப் போனான். ஊர்வலத்துக்குக் கொடி கட்டிட்டு வந்து, நெஞ்சு அடைக்குதுன்னு உக்காந்தவன். அப்போ மீலாதுலேருந்து நாலு பிறை. அதுக்கு மேல பத்து நாளு…" விரல் கணுக்களில் கட்டைவிரல் ஊர்ந்தது. ஹப்சா அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஃராஜ் செவ்வாய்க்கிழமைன்னா… அடியே, இவன் எந்த மாசத்தை எண்ணுனான்? இங்கிலீஷ் மாசத்தையா? மடப்பய! உனக்கு முந்தாநாளே…"

நிமிர்ந்து ஹப்சாவின் முகத்தைப் பார்த்தவள் வாயை மூடிக்கொண்டாள்.

"உனக்குத் தெரியும்."

"மெதுவாப் பேசுங்கக்கா."

"தெரிஞ்சேதான் உக்காந்திருக்கியா? ஹப்சா, அல்லா விதிச்சது அதுவரைக்கும்தான். அதுக்கு மேல கூட்டுறது உன் சொந்தச் சரக்கு. அதுக்கு நன்மையும் கிடையாது ஒண்ணும் கிடையாது."

"தெரியும்க்கா."

"பின்னே என்ன? எங்கூடப் பொறந்தவன்தான் அவன். நான் சோறு திங்கலையா, வண்டி ஓட்டலையா? அவன் செத்தான். நீ சாகல."

"சுஹா போயிருவாக்கா." ஹப்சாவின் குரல் தேங்காய்ப்பாலுக்குள் விழுந்தது போலிருந்தது. "இத்தா முடிஞ்சா போயிருவா."

கல்சோம் கிள்ளிய மிளகாய்களை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். குரலில் வழக்கமான சத்தம் இல்லாமல் பேசினாள்.

"எனக்கு இத்தா முடிஞ்ச அன்னிக்கு எம்பிள்ளைங்க எல்லாம் வந்து விருந்து வச்சாங்க. நாப்பது பேருக்குச் சமைச்சோம். சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஒவ்வொரு காரா கிளம்புச்சு. எனக்கு ரெண்டு டப்பா ரெண்டாங் கறி எடுத்து வச்சுட்டுப் போனாங்க. அதையே சுட வச்சுச் சுட வச்சுத் தின்னேன். தீரவே இல்ல அந்த ரெண்டாங்."

"அப்புறம் பழகிருச்சாக்கா?"

"பழகும்னு பொய் சொல்லமாட்டேன். பழகாது. மோட்டார் சைக்கிள் வாங்குனேன்."

ஹப்சாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கல்சோம் எழுந்து மிளகாயை உரலில் போட்டாள்.

"நான் வாயைத் தொறக்கமாட்டேன். ஆனா நீ பொய்யிலேயே படுத்துத் தூங்காதே ஹப்சா. திங்கக்கிழமைக்கு அப்புறம் வேற என்ன வட்டம் போடுவே?"

ஹப்சா தேங்காய்ப்பாலை அடுப்பில் ஏற்றிக் கிளறத் தொடங்கினாள்.

வெளியே இஸ்வான் போனில் பேசிக்கொண்டிருந்தான். சொற்கள் துண்டு துண்டாக அடுக்களை ஜன்னல் வழியே வந்தன. "பரவால்ல பாக் டின்… அட, பசங்க வந்தாச்சுன்னா விடுங்க… மணல் திட்டா? அதுவும் நல்லதுதான்… இல்ல இல்ல, எங்களுக்குச் சந்தோஷம்."

ஹப்சாவின் கை நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு நிலைக்கு வந்தாள்.

"மணல் திட்டுன்னா எது?"

"மரத்தடியை வேற யாரோ பள்ளிக்கூடப் பசங்களுக்குக் குடுத்துட்டாராம் மா. நாம வரமாட்டோம்னு நெனைச்சிட்டாராம். அதனால கீழ மணல் திட்டு. தண்ணி காலடியில. எவ்வளவு வருஷமா அபாகிட்டக் கெஞ்சியிருக்கேன், அங்க போடலாம்னு! விடவே மாட்டாரே."

"அங்க வேண்டாம்."

"ஏன் மா? மழை இல்லாத நேரம்."

"இங்க மழை இல்ல. மேல மலையில பெய்யுதா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஜெலெபுப் பக்கம் அதைத் தண்ணீரின் தலை என்பார்கள். மலையில் மழை கொட்டினால், கீழே வெயிலடிக்கும்போதே ஆறு தலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். தலை வந்தால் உடம்பு பின்னாலேயே வரும்.

"பாக் டின் இருக்காரே மா. ஏதாச்சும்னா சொல்லுவாரு."

"பாக் டின் தூங்கிருவாரு."

"அபா மட்டும் என்னவாம்? குறட்டை விட்டுத் தூங்குவாரு."

ஹப்சா மகனைப் பார்த்தாள். இருபத்துநான்கு வயது. பதினாறு வருஷம் அந்த ஆற்றங்கரையில் தூங்கி எழுந்தவன். அவனுக்குத் தெரியாது.

அவர் அங்கே ராத்திரியில் தூங்கியதே இல்லை. பிள்ளைகள் படுத்ததும் மடக்கு நாற்காலியைக் கரைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்து, டார்ச் அடித்து அதைப் பார்ப்பார். தண்ணீர் நிறம் மாறுகிறதா, பச்சை இலைகள் மிதந்து வருகின்றனவா, சத்தம் கனக்கிறதா? ஹப்சா ஃபிளாஸ்க்கில் காப்பியோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பேச்சு அதிகம் இருக்காது. வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடம், கடன், மாமியார் நோய் என்று ஓடிய ஓட்டத்தில் அவர்கள் இருவரும் கணவனும் மனைவியுமாக இருந்தது அந்தச் சில ராத்திரிகளில்தான் என்று அவளுக்குத் தோன்றுவதுண்டு. விடிந்து பிள்ளைகள் எழும் நேரத்தில் அவர் போய்ப் படுப்பார். பிள்ளைகள் கேட்டது அந்தக் குறட்டையைத்தான்.

"ஏன் அவங்ககிட்டச் சொல்லக்கூடாது?" என்று ஒருமுறை கேட்டாள். "சொன்னா அவங்களும் தூங்கமாட்டாங்க. பிள்ளைங்க தூங்கத்தானே வந்திருக்கோம்," என்றார்.

இதை இப்போது எந்த வாயால் சொல்வது? சொன்னால், பாவம் அம்மா, துக்கத்தில் எதையோ நினைத்துப் பயப்படுகிறாள் என்பார்கள். சரி மா, சரி மா என்பார்கள். நாளைக்கு அங்கே போனதும் மணலையும் தண்ணீரையும் பார்த்து எல்லாம் மறந்துபோகும்.

"நான் சொல்றதைக் கேளு இஸ்வான். மேட்டுல போடு."

"மேட்டுல கல்லு மா, முதுகு போயிரும். அடுத்த வருஷம் நீங்க வந்து எங்க போடணும்னு சொல்லுங்க, அங்க போடுறேன். ப்ராமிஸ்." அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, காரின் பின்கதவைத் திறந்து ஐஸ் பெட்டியை வைத்து அளவு பார்க்கப் போனான்.

ஹப்சா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மலைப் பக்கம் வானம் சாம்பல் நிறத்தில் இறங்கியிருந்தது.

போகாதே என்று தடுக்கலாம். ஆனால், அபா சொல்லி வைத்த இடம் என்று பினாங்கிலிருந்து வந்திருக்கிற பிள்ளையை எப்படித் தடுப்பது? கூடப் போகலாம். கூடப் போவதற்கு ஒரு தடையும் இல்லை, வியாழக்கிழமையிலிருந்தே இல்லை. சொன்னால் போதும். சொன்ன நிமிஷம், அவள் பிடித்து வைத்திருந்த நாள் எல்லாம் கையை விட்டுப் போகும். மகள் பெட்டியைக் கட்டுவாள். அதோடு, நான்கு மாதம் தனக்காக வீட்டை விட்டுவந்து கிடந்தவளை ஏமாற்றினாள் என்பதும் வெளியே வரும்.

வெட்கம் ஒரு பக்கம் இழுத்தது. ஆறு ஒரு பக்கம் இழுத்தது.

அவரும் இப்படித்தான் ஒவ்வொரு வருஷமும் உட்கார்ந்திருப்பாரோ என்று நினைத்தாள். தனக்குத் தெரிந்த பயத்தை யாரிடமும் சொல்லாமல், தூங்குகிறவர்களின் பக்கத்தில். அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் உட்கார இனி வேறு ஆள் கிடையாது.

ஹப்சா நிலைப்படியைத் தாண்டினாள்.

சிமெண்டுத் தரை வெயிலில் சூடேறிக் கிடந்தது. வெறுங்காலில் அந்தச் சூடு விசித்திரமாக இருந்தது. தரைக்கு இப்படி ஒரு சூடு உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. இஸ்வான் காருக்குள் தலையை விட்டிருந்தான், பார்க்கவில்லை. சுஹைலாவைக் காணோம். கூடாரத்துக்குள்ளிருந்து அவள் நிழல் தெரிந்தது. துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போயிருந்தாள்.

ஹப்சா குனிந்து, முழங்கால் வலிக்க, உள்ளே நுழைந்தாள்.

பச்சை வெளிச்சம். பழைய புகை வாசனை, பாசி வாசனை. ஒரு மூலையில் சுஹைலா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓட்டையையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. அம்மாவைக் கண்டதும் திடுக்கிடவில்லை. சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"சுஹா, நான் வாசலைத் தாண்டி வந்திருக்கேன்."

"ம்."

"இன்னும் திங்கக்கிழமை ஆகல."

"தெரியும் மா."

ஹப்சா மூச்சை இழுத்துக்கொண்டாள். "எனக்கு வியாழக்கிழமையே முடிஞ்சுபோச்சு. தம்பி தப்பா எண்ணிட்டான். நான் தெரிஞ்சுக்கிட்டே சொல்லல. சொன்னா நீ போயிருவேன்னு… உன்னைய ரெண்டு நாள் கூட வச்சிருக்கணும்னு… உன் புருஷன் அங்க ஹோட்டல்ல தின்னுக்கிட்டுக் கிடக்கான், நான் இங்க…" சொற்கள் தடுமாறின. "மன்னிச்சிரு. நாளைக்கு நானும் வர்றேன். திட்டுல போடக் கூடாது. நீ எப்பக் கிளம்பணுமோ கிளம்பு."

சுஹைலா தரையில் கிடந்த மணலை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்னு சொன்னேனே மா. என் போன்லயே பிறைத் தேதி இருக்கு. இஸ்வான் வட்டம் போட்ட அன்னிக்கே நான் பார்த்துட்டேன்."

ஹப்சாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"பின்னே நீ ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நீங்க சொல்லல. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

"அப்பாடான்னா?"

"இத்தா முடிஞ்சா நான் போகணுமே மா."

வெளியே கார்க் கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. சுஹைலா விரலை மணலிலிருந்து எடுக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை ருஸ்டி வரமாட்டாரு. வர வேண்டாம்னு நான்தான் சொன்னேன். போன மாசமே சொல்லிட்டேன்."

ஹப்சா மகளின் முகத்தைப் பார்த்தாள். நான்கு மாதம் பக்கத்திலேயே படுத்திருந்த முகம். கன்னம் ஒட்டியிருந்தது. எப்போது ஒட்டியது? அபாவை நினைத்துத்தான் பிள்ளை இளைக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். "ருஸ்டி எப்படி இருக்கான்" என்று கேட்டபோதெல்லாம் "வேலை மா" என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் புறப்படும் தேதியும் கூடவே வந்துவிடுமோ என்று கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் உள்ள என்ன பண்றீங்க? மழை வரும் போலிருக்கு, மடிக்கணும்!" இஸ்வானின் குரல் துணிக்கு மிக அருகில் கேட்டது. "அத்தை, மா எங்க?"

"இஸ்வான்," ஹப்சா உள்ளிருந்தே சொன்னாள். தன் குரல் இவ்வளவு நிதானமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். "பாக் டின்னுக்குப் போன் பண்ணு. மணல் திட்டு வேண்டாம். கல்லா இருந்தாலும் மேட்டுல இடம் குடுக்கச் சொல்லு. நானும் வர்றேன்."

"மா? நீங்க எப்படி வெளிய… திங்கக்கிழமை இன்னும்…"

"எந்த மாசத்தைடா எண்ணுனே, அறிவுக்கொழுந்தே!" அடுக்களை ஜன்னலிலிருந்து கல்சோம் கத்தினாள். "இத்தாவுக்கு இங்கிலீஷ் மாசத்தை எண்ணுன ஆளு இந்த ஜில்லாவுலேயே நீ ஒருத்தன்தான்டா!"

"ஐயோ, அப்படின்னா மா வர்றாங்களா? நெசமாவா? அத்தை, நீங்களும் வாங்க!"

"நான் மோட்டார் சைக்கிள்ல வர்றேன். உன் கார்ல என் டெம்போயாக்கோட எவன் உக்காருவான்?"

இஸ்வான் சிரித்துக்கொண்டே போன் செய்ய ஓடினான். அபா போன பிறகு அவன் இப்படி ஓடி அவள் கேட்டதில்லை.

கூடாரத்துக்குள் யாரும் சிரிக்கவில்லை. ஹப்சா மகளின் கையைத் தேடிப் பிடித்தாள். மணல் ஒட்டிய விரல்கள் சில்லென்று இருந்தன.

"என்னம்மா செஞ்சான் உன்னைய?"

சுஹைலா தலையை ஆட்டினாள். இல்லை என்கிறாளா, இப்போது வேண்டாம் என்கிறாளா என்று தெரியவில்லை.

"இந்த வீட்டுல வச்சுச் சொல்ல முடியல மா. அபா அவருக்கு எவ்வளவு செஞ்சாரு… அவரைத் தன் பிள்ளைன்னுல்ல சொல்லுவாரு. நாளைக்கு ஆத்துக்குப் போய்ச் சொல்றேன். இஸ்வான் தூங்கினதும் சொல்றேன்." பிறகு, சின்னப் பிள்ளை அனுமதி கேட்பது போல, "நம்ம ஊர் வழக்கத்துல வீடு பொம்பளைக்குத்தானே மா? நான் இங்க இருக்கலாம்ல?" என்றாள்.

"இது உன் வீடுடி."

ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் ஹப்சா கையேந்தியபோது அவள் வாய் கணவருக்காகப் பிரார்த்தித்தது. மனசு மட்டும் இன்னொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது. இவள் போகக்கூடாது, இவள் என்னோடேயே இருக்க வேண்டும் என்று. வெட்கத்தில் சொல்லாகக்கூட ஆகாத அந்த வேண்டுதல் இப்போது நிறைவேறிவிட்டது. மகள் போகப்போவதில்லை.

மழையின் முதல் துளிகள் பச்சைத் துணியின் மேல் விழுந்தன. ஹப்சா மகளின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக, அவருக்காக அல்லாமல் அழுதாள்.